கதை புக்கும் இல்லை, பாட புக்கும் இல்லை: பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நிஜப் புத்தகம் கொடுப்பது எப்படி

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற என் வீட்டு முன்னறையில் ஒரு மர அலமாரி இருக்கிறது. சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், நோட்டில் எழுதிவிட்டுப் போனால் போதும். ஏழெட்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. புத்தகத்தைத் தொட்டதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது கதை புக்கா, பாட புக்கா டீச்சர்?" இரண்டும் இல்லை என்றால் அப்படியே வைத்துவிடுவார்கள். எழுத்தாளர்கள் இந்த மூன்றாவது வகைக்கு அபுனைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தச் சொல்லைச் சொல்லி ஒரு பிள்ளையைக்கூட என்னால் படிக்க வைக்க முடிந்ததில்லை. "நெசமா நடந்தது" என்று மட்டும் சொல்லுவேன். அதற்குத்தான் கை நீளும்.

"பையன் எப்போதும் ஃபோனிலேயே கிடக்கிறான், ஏதாவது நல்ல புத்தகம் சொல்லுங்க" என்று கேட்டு வருகிற அப்பா அம்மாக்களுக்காகவும், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிற சித்தப்பா, அத்தைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். 12 வயதிலிருந்து 17 வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதைக் கொடுக்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் ஜெயிக்க இத்தனை வழிகள், தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, இந்த ரகம் எதுவும் வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் வாங்குகிறோம், ஆனால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு அறிவுரை வாசம் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொள்ளும். பிறந்தநாள் பரிசாக அப்படி வந்த புத்தகங்கள் என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வரிசை இருக்கின்றன. முதுகு மடங்காமல், புத்தம் புதுசாக.

பிள்ளை ஏற்கெனவே எதைப் பற்றி வாயடிக்கிறதோ அங்கேதான் தொடங்க வேண்டும். எங்கள் மலையில் அது பெரும்பாலும் காட்டு மிருகம். காலையில் பள்ளிக்கூட வண்டிக்கு நிற்கும்போது கரடி வந்துவிட்டுப் போன தடத்தைப் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். 2021இல் மசினகுடிப் பக்கம் டி23 என்ற புலியை வனத்துறை மூன்று வாரம் தேடியதே, அப்போது டியூஷனில் பாடம் நடத்தவே முடியவில்லை. சுட்டுத்தள்ளணும் என்று ஒரு கட்சி, பாவம் அதுக்கு என்ன தெரியும் என்று ஒரு கட்சி. அக்டோபர் 15ஆம் தேதி உயிரோடு பிடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. அந்த வாரம்தான் ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' புத்தகத்தை வெளியே எடுத்தேன். ஆங்கிலத்தில் 1944இல் வந்தது, தமிழில் நெடுங்காலமாகக் கிடைக்கிறது. முழுவதையும் படி என்று சொல்லவில்லை, சம்பாவத் புலி அத்தியாயத்தை மட்டும் காட்டினேன். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு உள்ள பெண்புலி, 1907இல் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்திய பிறகு வாயைத் திறந்து பார்த்தால் வலது பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன, எப்போதோ யாரோ சுட்ட குண்டு. அதனால் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதனிடம் வந்தது என்கிறார். ஆட்கொல்லியாக மாறும் புலிகளில் பத்துக்கு ஒன்பது காயத்தால் மாறியவை, மீதி ஒன்று முதுமையால் என்று முன்னுரையிலேயே எழுதுகிறார். இதைப் படித்த பிறகு சண்டை நிற்கவில்லை, ஆனால் சண்டையின் தரம் கூடிவிட்டது! "அதுக்குப் பல்லு எப்படி இருந்துச்சுன்னு பார்த்தாங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு அது போதும்.

இங்கே ஒரு விஷயம். கார்பெட் வேட்டைக்காரர், வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்து ஆள், அந்தக் காலத்துப் பார்வை அங்கங்கே எட்டிப் பார்க்கும். அதை மறைக்க வேண்டியதில்லை, பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கையோடு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். 1950 முதல் 1996 வரை ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றி விடாமல் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதினார், அந்தத் தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்தது இது. கட்டுரைகள் சின்னது சின்னதாக இருக்கும், பஸ் வருவதற்குள் ஒன்று முடியும். துப்பாக்கி இல்லாமலும் ஒரு மிருகத்தைப் பார்க்கலாம் என்பது பையனுக்குத் தானாகப் புரியும். தியடோர் பாஸ்கரனின் சொந்தக் கட்டுரைத் தொகுப்புகள், 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக', 'வானில் பறக்கும் புள்ளெலாம்' போன்றவை, பதினைந்து வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

அடுத்தது, நான் அடித்துச் சொல்கிற ஒன்று. புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், அத்தியாயத்தைக் கொடுங்கள். கதைப் புத்தகத்தை நடுவில் திறந்தால் ஒன்றும் புரியாது. நிஜப் புத்தகத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது, எங்கே நுழைந்தாலும் வழி இருக்கும். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருக்கிறதே, 122 அத்தியாயம், தலையணை கனம். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து 1942இல் அவர் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார், முடியவில்லை. இதை முதல் பக்கத்திலிருந்து படி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடும். நான் செய்வது இது: கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிற பகுதியில் ஒரு பேப்பரைச் செருகிக் கொடுப்பேன். 1880, அக்டோபர் மாதம். உ.வே.சா.வுக்கு 25 வயது, ஏற்கெனவே கல்லூரி ஆசிரியர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார், அவரோ எதற்கும் அசையாமல் இதனால் என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இல்லை. இவருடைய மானமே போகிறது. அந்த ஒரு சந்திப்பிலிருந்துதான் சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது, பிறகு மற்ற பழைய நூல்களும். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போய் மொத்துப்பட்ட அனுபவம் இல்லாத பதினாறு வயது உண்டா? அதனால்தான் அந்தப் பகுதி பிடிக்கும். பிடித்தால் பின்னால் போய் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பகுதியைத் தாங்களே தேடுவார்கள். முழுதும் படித்து முடித்தவர் என் கணக்கில் இரண்டு பேர், இரண்டும் பெண்பிள்ளைகள்.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' எல்லா வீட்டிலும் இருக்கிறது, பரிசாக வந்ததாக இருக்கும், யாரும் முடித்திருக்க மாட்டார்கள். தப்பு புத்தகத்தின் மேல் இல்லை. ராமேஸ்வரப் பகுதி ஆறாம் வகுப்புக்கே ஓடும், நடுவில் ஏவுகணைத் திட்டங்கள் வரும்போது மூச்சு முட்டும். அந்த இடத்தில் தாண்டச் சொல்லுங்கள், எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்ததிலிருந்து 1980 ஜூலையில் மேலே போனதுவரை உள்ள பக்கங்களைக் காட்டுங்கள். பக்கம் தாண்டுவது பாவமில்லை என்று யாராவது ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேருவின் கடிதங்களும் அப்படித்தான். 1928இல் பத்து வயது இந்திரா முசோரி மலையில் இருந்தார், அப்பா கீழே அலகாபாத்தில். நம் பிள்ளைகளுக்கு இந்த மேலே கீழே கணக்கு உடனே புரியும். கூழாங்கல் ஒன்றைப் பற்றி எழுதியிருப்பார், அது ஏன் உருண்டையாக வழுவழு என்று இருக்கிறது, ஒரு காலத்தில் கூர்முனையோடு பெரிய பாறையில் இருந்தது, ஓடை உருட்டி உருட்டி இப்படி ஆக்கிவிட்டது என்று. அதைப் படித்த அன்றைக்கே எங்கள் ஓடையிலிருந்து ஒரு பை நிறையக் கல் வந்து சேர்ந்தது என் வாசலுக்கு. இன்னும் கிடக்கிறது.

படிப்பே பிடிக்காத பிள்ளை என்றால் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. வேறு யோசனையே வேண்டாம். ஜப்பானில் ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பப்பட்ட ஒரு பெண், தெத்சுகோ குரோயாநாகி, வளர்ந்து பிரபலமான பிறகு 1981இல் தன் இரண்டாவது பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது. வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். காலையில் எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் கோபயாஷி வைத்த விதி. இதைப் படித்த எங்கள் பிள்ளைகள் ஒரு வாரம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, பீன்ஸும் உருளைக்கிழங்கும் மலை, கருவாடு கடல் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. அந்தக் கடைசிப் பகுதிக்கு வரும்போது பிள்ளை கொஞ்சம் அமைதியாக இருக்கும், கூப்பிட்டு வேலை வைக்காதீர்கள். இது சின்னப் பிள்ளைப் புத்தகம் என்று பதினைந்து வயது முகம் சுளித்தால், பெரியவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை எந்த வயதில் கொடுப்பது என்று கேட்பார்கள். அவளுக்கு அந்த நோட்டு கிடைத்தது பதின்மூன்றாவது பிறந்தநாளில், 1942 ஜூன் 12. ஆகவே பதின்மூன்று. அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழத் தொடங்கி, 1944 ஆகஸ்ட் 4இல் பிடிபடும்வரை எழுதினாள். ஒன்று மட்டும் செய்யுங்கள், முன்கூட்டியே முடிவைச் சொல்லிவிடுங்கள். அவள் முகாமில் இறந்துபோனாள், அப்பா மட்டும் பிழைத்து வந்து 1947இல் புத்தகமாகப் போட்டார் என்று. நாட்குறிப்பு பாதியில் நின்றுவிடும், பிள்ளை பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் போகக்கூடாது. இன்னொரு சுவையான தகவல்: போருக்குப் பிறகு மக்களின் நாட்குறிப்புகளைச் சேகரிப்போம் என்று 1944இல் ரேடியோவில் ஒரு அமைச்சர் பேசியதைக் கேட்டுவிட்டு, அவளே பழைய பக்கங்களைத் திருத்தி எழுத ஆரம்பித்தாள். எழுத ஆசைப்படுகிற பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண் விரியும். மலாலாவின் புத்தகமும் நன்றாகத்தான் போகிறது. ஒரு தலித் பெண்ணாகத் தன் வாழ்க்கையைச் சொல்லும் பாமாவின் 'கருக்கு' (1992) பதினாறுக்கு மேல், ஆனால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள், ஏனென்றால் அதைப் படித்த பிள்ளை வந்து கேட்கிற கேள்வி உங்கள் தெருவைப் பற்றி இருக்கும்.

முழுப் புத்தகம் எதுவும் ஓடாத பிள்ளைகளுக்குக் கேள்வி பதில். சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' எங்கே திறந்தாலும் சரி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் 1987 முதல் வருகிறது, பழைய இதழ்கள் கிடைத்தாலும் விடாதீர்கள். ஊட்டிப் பக்கம் முத்தோரை வழியாகப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன், அங்கே இருக்கிற ரேடியோ தொலைநோக்கியை ஏன் சரிவில் படுக்க வைத்தாற்போல் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டான். 530 மீட்டர் நீளம், 1970இலிருந்து அங்கே இருக்கிறது, போகும்போதெல்லாம் பார்க்கிறோம், எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. தேடிப் படித்தோம். அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரி, அதனால் வடக்கு தெற்காகக் கட்டிய தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது, அப்புறம் அதை ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையைத் தேர்ந்தெடுத்ததே அந்தச் சரிவுக்காக! அன்றிலிருந்து அவன் அறிவியல் தவிர வேறு எடுப்பதில்லை. அதுவும் ஒரு தொல்லைதான்.

ஊர் சம்பந்தமாகக் கொடுப்பதற்கு நான் தொ. பரமசிவனைத்தான் நம்புகிறேன். 'அறியப்படாத தமிழகம்' 1997இல் வந்த சின்னப் புத்தகம், உப்பு, எண்ணெய், உரல் என்று நாம் கவனிக்காத பொருள்களை எடுத்துப் பேசும். உப்பு என்ற சொல்லுக்கே முதலில் சுவை என்றுதான் பொருள், இனிப்பு கசப்பு துவர்ப்பு எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது என்பார். இதை வீட்டில் போய்ச் சத்தமாகப் படித்த பெண்ணிடம் அவள் பாட்டி, மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் வைக்கிற நம்ம படுகர் பண்டிகை உப்பு ஹப்பாவைப் பற்றி அந்த ஆள் எழுதலையா என்று கேட்டாராம். "எழுதலையாம் ஹெத்தே, நீங்க சொல்லுங்க" என்று இவள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு வீட்டில், 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தால் கண்டியிலிருந்து இங்கே வந்து அரசாங்கத்தின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த தாத்தாவிடம் பேரன் பேசிப் பேசி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறான். என் அலமாரியில் இப்போது அதுவும் ஒரு புத்தகம்.

பறவை பார்க்கிற பிள்ளைக்கு க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. ஆனால் அதை அலமாரியில் வைக்காதீர்கள், ஜன்னல் பக்கம் போட்டுவையுங்கள்.

உண்மையா பொய்யா என்று சோதிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த வகைப் புத்தகத்தில் பாதி வேலை. ஒருமுறை ஒரு கண்காட்சிக் கடையில் தலைவர்கள் வரலாறு என்று ஒரு கட்டு, இருபது புத்தகம், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தேன். எழுதியவர் பெயர் கிடையாது, எந்த ஆண்டில் அச்சிட்டது என்று கிடையாது, ஒரு புத்தகத்தில் இருந்த பத்தி அப்படியே இன்னொரு தலைவருக்கும் நடந்திருந்தது. அம்மாவும் மகனும் தனியறையில் பேசியது வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது, கேட்டு எழுதியது யார்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன், அரை நாளில் இருபதையும் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். இன்னொரு முறை மலை ரயில் 1899இல் வந்தது என்று ஒரு புத்தகமும் 1908 என்று இன்னொன்றும் சொல்ல, எது தப்பு என்று பந்தயம் வேறு. இரண்டும் தப்பில்லை, குன்னூர்வரை 1899இல் வந்தது, ஊட்டிவரை 1908இல். எழுத்தாளர் பெயர், மொழிபெயர்ப்பாளர் பெயர், முதல் பதிப்பு ஆண்டு, இவருக்கு இது எப்படித் தெரியும் என்ற ஒரு கேள்வி, இவ்வளவு பார்க்கப் பழகினால் வாட்ஸப்பில் வருவதையும் அதே கண்ணால் பார்ப்பார்கள்.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்', தேயிலைத் தோட்டக் கொடுமைகளைச் சொல்லும் 'எரியும் பனிக்காடு' இரண்டையும் நிஜ வரலாறு என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அருமையான புத்தகங்கள், நம் மலைகளைப் பற்றியவை, ஆனால் நாவல்கள். முன்பே சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பரீட்சையில் கதாபாத்திரத்தை எழுதிவைத்துவிடும்.

மொழி விஷயம். இங்கே பாதிப் பிள்ளைகள் ஆங்கில வழி, வீட்டில் படுகு, மலையாளம், கன்னடம் என்று எதுவோ, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். வற்புறுத்தாதீர்கள். கார்பெட்டை ஆங்கிலத்தில் படிக்கட்டும், உ.வே.சா.வை நீங்கள் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டுங்கள், கரண்ட் இல்லாத மழை இரவுகளுக்கு இங்கே பஞ்சமா என்ன. மொழிபெயர்ப்பு வாங்கும்போது கடையிலேயே முதல் பக்கத்தை வாய்க்குள் படித்துப் பாருங்கள், நாக்கு இடறினால் வேண்டாம்.

வாங்குவதற்கு ஜூலையில் கோவை புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு. கீழே இறங்குகிற செலவை நாலைந்து வீடு சேர்ந்து ஜீப் வைத்தால் தாங்கலாம், பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், அவன் தேர்ந்தெடுத்த ஒரு மட்டமான புத்தகத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். அப்புறம் கிளை நூலகம், ஊட்டியில் மாவட்ட மைய நூலகம். நூலகரிடம் வயதைச் சொல்லாதீர்கள், என்ன பிடிக்கும் என்பதைச் சொல்லுங்கள். வயதைச் சொன்னால் நீதிக்கதைகள்தான் வரும். மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையதளத்தில் பழைய நூல்கள் இலவசம், 'என் சரித்திரம்' உட்பட.

கடைசியாக, மலைக்காரர்களுக்கு மட்டும். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது, இரண்டு மாதம் அலமாரியைக் கவனிக்காமல் விட்டால் அட்டையில் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், கண்ணாடிக் கதவு வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கவர் போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும், பழுப்புத் தாள் போதும். பூசணம் வந்துவிட்டால் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பக்கங்களை விசிறி மாதிரி விரித்து நிழல்காற்றில் நிறுத்திவையுங்கள். தை பிறந்து பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்புவோம், அன்றைக்குப் பாடம் கிடையாது, காயப்போட வந்த பிள்ளைகள் சாயங்காலம்வரை அந்தப் பாயிலேயே படித்துக்கொண்டு கிடப்பார்கள்.